பக்கவாதத்துக்குப் பிறகு: வீட்டார் கேட்கும் கேள்விகளும் ஆராய்ச்சிகள் சொல்லும் பதில்களும்

பிசியோதெரபிக்காக வீடு வீடாகப் போகிறவன் நான். படுத்திருப்பவரைவிட அவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் சந்தேகம் அதிகம். வீடு மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த ஆய்வுகளோடு பதில் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஸ்ட்ரோக்னா ஹார்ட் அட்டாக் மாதிரியா? மூளையில என்னதான் ஆச்சு?

ஹார்ட் அட்டாக் இதயத்தில் வருவது, இது மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடித்து ரத்தம் கசியலாம். அடைப்பு வகைதான் அதிகம். மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆட்டுவிக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்த இடது பாதியில்தான். அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது.

பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். 'காலையில் பார்த்துக்கலாம்' என்று ஒரு ராத்திரியைக் கடத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

ஊசி போட்டா சரியாயிடும்னாங்களே, எங்க அப்பாவுக்கு ஏன் போடலை?

அது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ரத்தக் கசிவு வகைக்கு இதைப் போட்டால் ஆபத்து, அதனால் ஸ்கேன் பார்க்காமல் யாரும் தொடமாட்டார்கள். பெரிய குழாய் அடைப்புக்குக் கட்டியைக் குழாய் விட்டு இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015-க்குப் பிறகு உறுதியானது. ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் வந்த ஆய்வுகள் சொல்லின.

பலர் கோட்டைவிடுவது ஒரு கணக்கில். நேரம் எப்போதிலிருந்து ஓடுகிறது தெரியுமா? நாம் கவனித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கும்போதே வாய் கோணியிருந்தால், கணக்கு ராத்திரி பத்து மணிக்குத் தூங்கப் போனதிலிருந்து. உங்கள் அப்பாவுக்குப் போடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

விரல் நுனியில, காதுல ஊசியால குத்தி ரத்தம் விட்டா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே? புறா ரத்தம் தடவினா?

இரண்டும் வேண்டாம். அடைப்பு மூளைக்குள் இருக்கிறது, காதுமடலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தால் அது திறக்காது. புறா ரத்தத்தில் உள்ள சூடு தோலோடு சரி.

அந்த நேரத்தில் தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் சோர்ந்திருக்கும், நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கூட நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அடைப்பா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். 108-ஐக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

செத்துப்போன செல் திரும்ப வராதுன்னா கை கால் மட்டும் எப்படித் திரும்ப வருது?

நல்ல கேள்வி. செத்த இடம் செத்ததுதான். ஆனால் அதைச் சுற்றி வீக்கத்தால் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு. முதல் சில வாரங்களில் வீக்கம் வற்ற வற்ற, தானாகவே கொஞ்சம் திரும்பும். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அந்த வைத்தியருக்குப் பேர் கிடைப்பது இதனால்தான்.

அதற்கு மேல் வருவது, மிச்சமிருக்கும் பகுதி புது வேலை கற்றுக்கொள்வதால். 1996-ல் ராண்டால்ஃப் நூடோவும் சகாக்களும் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். கையை ஆட்டும் மூளைப்பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிவிட்டு, சில குரங்குகளுக்குச் சிறு குழியிலிருந்து உணவுத் துணுக்கை விரலால் எடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவற்றின் மூளையில் சேதத்தைச் சுற்றி 'கைக்கான' இடம் காப்பாற்றப்பட்டது, சிலவற்றில் பரவவும் செய்தது. பயிற்சி இல்லாதவற்றில் சேதமடையாத கைப்பகுதியும் சுருங்கிப்போனது. கையைச் சும்மா விட்டால் இருப்பதும் போகும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதை வைத்துத்தான்.

முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கணுமா, ரெஸ்ட்ல இருக்கணுமா?

சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் நடப்பார்கள் என்றுதான் எங்கள் தொழிலில் பலரும் நம்பினோம். அதைச் சோதிக்க அவெர்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 5 நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்க வைத்தவர்கள் ஒரு பக்கம், வழக்கமான கவனிப்பு மறுபக்கம். 2015-ல் முடிவு வந்தது. 3 மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் தீவிரப் பயிற்சிப் பக்கம் 46 சதவீதம், வழக்கமான பக்கம் 50 சதவீதம்.

அதாவது முதல் நாளே போட்டு வாட்டக் கூடாது. அதற்காக வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருக்கச் சொல்லவில்லை. அதே ஆய்வின் தரவை மறுபடி அலசியபோது, கொஞ்ச நேரமாக, ஆனால் அடிக்கடி எழுப்புவது நல்லது என்று தெரிந்தது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நிற்க வைப்பதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாகப் பல தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை திரும்ப வருமா வராதா, இப்பவே சொல்லிடுங்க சார்.

நான் வந்ததும் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்குகிறாரா, மடங்கிய விரலை விரிக்கிறாரா. வீட்டில் எல்லாரும் "கையைக் கெட்டியாப் பிடிக்கிறார் சார்" என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். பிடிப்பு, தசை இறுக்கத்தால் தானாகவும் வரும். விரல் விரிவதுதான் நல்ல சேதி, ஒரு விரலின் நுனி லேசாக நிமிர்ந்தாலும் சரி.

இதற்கு ஆதாரம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு. 72 மணி நேரத்துக்குள் இந்த இரண்டும் கொஞ்சமாவது இருந்தவர்களுக்கு, 6 மாதத்தில் கை ஓரளவாவது வேலை செய்யும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் இல்லாதவர்களுக்கு 25 சதவீதம். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினரும் இதே இரண்டு அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டுத்தான் தங்கள் கணிப்பைத் தொடங்குகிறார்கள். அது குறைவாக இருந்தால், மூளையிலிருந்து கைக்குச் செய்தி போகிறதா என்று காந்தத் துடிப்பு வைத்துப் பார்ப்பார்கள். நம் ஊரில் அது எல்லா இடத்திலும் கிடையாது.

இன்னொன்றும் நடமாடுகிறது: 'இழந்ததில் 70 சதவீதம் எல்லாருக்கும் திரும்பும்' என்ற விதி. 2008-ல் வந்தது. கணக்குப் போட்ட முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று பிற்பாடு புள்ளியியலாளர்கள் பிடித்துவிட்டார்கள். அந்த எண்ணை நம்பி உட்கார வேண்டாம்.

மூணு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதானா? எங்க டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

பாதி சரி. வாஷிங்டனில் நடந்த சிபாஸ் என்ற ஆய்வு 2021-ல் வெளியானது. 72 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 20 மணி நேரம் கூடுதல் கைப்பயிற்சி. ஒரு குழுவுக்கு முதல் 30 நாளுக்குள், ஒரு குழுவுக்கு 2 முதல் 3 மாதத்தில், இன்னொன்றுக்கு 6 மாதத்துக்குப் பிறகு. கூடுதல் பயிற்சியே இல்லாத குழுவும் உண்டு. ஒரு வருடம் கழித்து அளந்தபோது 2 முதல் 3 மாதத்தில் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் அதிகப் பலன். முதல் மாதத்துக்காரர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. 6 மாதம் தாண்டியவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் போய், வீடு ஓய்ந்து, பிசியோதெரபியையும் நிறுத்தும் காலம் எது? அதே இரண்டாவது, மூன்றாவது மாதம்தான். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

மறுபாதி லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையிலிருந்து வருகிறது. அங்கே கைக்கென்றே 3 வாரம், மொத்தம் 90 மணி நேரப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2019-ல் 224 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அப்படியும் கை முன்னேறியது, 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிலைத்திருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் 20 மணி நேரத்துக்கு அசையாதது 90 மணி நேரத்துக்கு அசையலாம் என்று தோன்றுகிறது. காலம் போகப் போக அதே பலனுக்கு அதிக உழைப்பு கேட்கும். கதவு ஒரேயடியாகச் சாத்துவதில்லை.

தினமும் எண்ணெய் தேய்ச்சு கை காலை நீட்டி மடக்கி விடறோம். போதாதா?

போதாது. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், தப்பில்லை. ஆனால் அங்கே வேலை செய்வது உங்கள் கை. அவர் மூளை எதையும் கற்கவில்லை. மேலே சொன்ன குரங்குகளுக்கு யாரும் கையைப் பிடித்து ஆட்டிவிடவில்லை, அவையே எடுத்துத் தின்றன.

அவரே செய்கிற அசைவு எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் கேத்தரின் லாங் என்பவர் சிகிச்சை நேரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். ஒரு தடவை பயிற்சியில் கையால் உருப்படியான வேலை சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்கு ஆய்வுகளில் அது நாளைக்கு நூற்றுக்கணக்கில். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2004-ல் வந்த ஆய்வில், வார்டில் இருந்தவர்கள் பகல் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலும், 60 சதவீத நேரம் தனியாகவும் இருந்தார்கள். வசதியான நாடுகளிலேயே கதை இதுதான்.

வீட்டில் செய்ய மிஷின் எதுவும் வேண்டாம். காலி எவர்சில்வர் டம்ளரை மேஜையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளட்டும். அது முடிந்தால் தூக்கி வைக்கட்டும். அதுவும் முடிந்தால் கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். எளிதாகிவிட்டால் கடினமாக்கணும், அதுதான் சூட்சுமம். ஒரு எச்சரிக்கை: விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தோள்பட்டை நழுவி, பிறகு வருகிற வலியில் பயிற்சியே நின்றுவிடும். அக்குளுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தாங்குங்கள்.

அப்போ நாளைக்கு ஆயிரம் தடவை செஞ்சா சீக்கிரம் வந்துடுமா?

எண்ணிக்கையைப் பற்றி மேலே பேசிவிட்டேன், அதற்கு எதிர்ச்சாட்சியையும் சொல்லியாக வேண்டும். அதே லாங் குழு 2016-ல், 6 மாதம் தாண்டிய 85 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 3,200, 6,400, 9,600 அல்லது அவரவருக்கு முடிந்தவரை என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அதிகம் செய்தவர்கள் அதிகம் முன்னேறியதாகக் காணோம். வெறும் எண்ணிக்கை மட்டும் வேலை செய்யாது, எப்போது செய்கிறார், சிரமப்பட்டுச் செய்கிறாரா என்பதும் சேர வேண்டும் என்பதுதான் என் புரிதல். களைத்துப் போனவரை ஐந்நூறாவது தடவை செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை.

நல்ல கையைக் கட்டிப்போடச் சொல்றாங்க. இது என்ன கொடுமை?

பார்க்கக் கொடுமைதான், ஆனால் இந்தத் துறையில் ஆதாரம் பலமாக உள்ள சிகிச்சைகளில் ஒன்று. எட்வர்ட் டாப் என்பவரின் குரங்கு ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. எக்சைட் என்ற அமெரிக்க ஆய்வு 2006-ல் வந்தது. ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைத் தடுத்து, விழுந்த கைக்கு 2 வாரம் தீவிரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பைவிட நல்ல முன்னேற்றம், ஒரு வருடம் கழித்தும் இருந்தது.

எல்லாருக்கும் இல்லை. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும். துளிகூட அசையாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையையும் கட்டினால் அது சிகிச்சை இல்லை. நடக்கும்போது தடுமாறுகிறவருக்கு, நடக்கிற நேரத்தில் கழற்றிவிட வேண்டும்.

கண்ணாடி வெச்சு கையைப் பார்க்கச் சொல்றாங்க. கண்கட்டு வித்தையா?

ஒரு விதத்தில் ஆமாம், மூளைக்குக் காட்டும் கண்கட்டு வித்தை. இதன் மூலவர் நம் ஆள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த விளையனூர் ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். 1999-ல் அவரும் சேர்ந்த குழு 9 ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தது. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி பிம்பத்தைப் பார்க்க வேண்டும். விழுந்த கை அசைவது போலத் தெரியும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. கை அசைவில் மிதமான பலன் உண்டு, மற்ற பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யலாம் என்றது. ஒரு கண்ணாடிக்கு ஆகும் செலவுக்கு இது மோசமில்லை.

ரோபோ மிஷின் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? நிலத்தை வித்தாவது…

நிலத்தை விற்காதீர்கள். பிரிட்டனில் 770 பேரை வைத்து ரேட்டல்ஸ் என்ற ஆய்வு நடந்து 2019-ல் வந்தது. ரோபோ பயிற்சி, வழக்கமான கவனிப்பைவிடக் கையின் செயலில் மேலான பலன் தரவில்லை. நடைக்கும் அப்படித்தான்: 2011-ல் வந்த லீப்ஸ் ஆய்வில், உடம்பைத் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைத்தவர்களும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து செய்ய வைத்த உடற்பயிற்சிக்காரர்களும் ஒரு வருட முடிவில் ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். மொத்தம் 408 பேர். மிஷின் கெடுதல் இல்லை. பக்கத்திலேயே இருந்து, கையில் காசும் இருந்தால் போங்கள்.

அப்போ வீட்டுல நாங்களே செஞ்சா போதும், நீங்க வேணாம்தானே?

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். இதற்கும் ஆய்வு இருக்கிறது, அதுவும் இந்தியாவிலேயே. அட்டெண்ட் என்ற பெயர், 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017-ல் முடிவு. ஒரு குழுவில் குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள், மறு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 6 மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து இருந்தவர்களும் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

வீட்டாரின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பதுதான். இடையிடையே ஒருவர் வந்து பயிற்சியை மாற்றிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கேளுங்கள். 2021-ல் தொடங்கியது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும்.

பேச்சு போயிடுச்சு. புத்தியும் போயிடுச்சா?

இல்லை. சொல் கிடைக்காமல் தவிக்கிறார், பலருக்கு நினைவும் யோசனையும் நன்றாகவே இருக்கும். அவர் முன்னால் அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசாதீர்கள். ஜெர்மனியில் 156 பேரை வைத்து 2017-ல் வந்த ஆய்வு, 6 மாதம் தாண்டியவர்களுக்கும் வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் அன்றாடப் பேச்சு மேம்படுகிறது என்று காட்டியது.

சும்மா சும்மா அழறார். டிப்ரஷன் மாத்திரை கொடுத்தா கையும் சேர்ந்து வரும்னு படிச்சேனே?

2011-ல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஃபிளேம் ஆய்வைப் படித்திருப்பீர்கள். ஃப்ளூயாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களின் கை கால் 90 நாளில் நன்றாக முன்னேறியது. உலகமே பரபரப்பானது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரிடம் ஃபோகஸ் ஆய்வு. ஸ்வீடனிலும், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, வியட்நாம் சேர்ந்தும் இன்னும் இரண்டு. மூன்றிலும் 6 மாத முடிவில் அன்றாடச் செயல்பாட்டில் பலன் இல்லை. எலும்பு முறிவு மட்டும் கூடியது. சின்ன ஆய்வைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மனச்சோர்வு இருந்தால் அதற்கென்று மாத்திரை எடுப்பது வேறு விஷயம். அழுகையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சோர்ந்திருப்பவர் டம்ளரைத் தள்ளமாட்டார்.

ஸ்டெம் செல் ஊசி போட்டா புது மூளைச் செல் முளைக்குமாமே?

இந்தியாவில் எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைமையில் 120 பேரிடம், அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு: ஆபத்தில்லை, பலனும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல்படி ஸ்ட்ரோக்குக்கு இதை ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

கழுத்து நரம்புல கரண்ட் கொடுத்தா வருமாமே, அது நிஜமா?

நிஜம். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் சிறு கருவியைப் பொருத்தி, நோயாளி கையை அசைக்கிற அதே நொடியில் சின்னத் துடிப்பு கொடுப்பார்கள். 2021-ல் வந்த ஆய்வில் 108 பேர், ஸ்ட்ரோக் வந்து 9 மாதம் முதல் 10 வருடம் ஆனவர்கள். எல்லாருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்குத்தான் துடிப்பு. மருத்துவமனைப் பயிற்சி முடிந்து 90-ஆம் நாளில் பார்த்தபோது, துடிப்பு பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், மற்றவர்களில் 24 சதவீதம். அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கவனிக்க வேண்டியது, அசைவு இல்லாமல் துடிப்பு மட்டும் கொடுக்கும் சிகிச்சை இல்லை இது. அறுவைச் சிகிச்சை வேண்டும், செலவும் அதிகம்.

எச்.ஐ.வி. மாத்திரை ஸ்ட்ரோக்குக்கு வேலை செய்யும்னு என் பையன் நெட்ல பார்த்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விசித்திரமான சம்பந்தம் உண்டு. எச்.ஐ.வி. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று சிசிஆர்5 என்ற புரதம். பெர்லினில் ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த திமோத்தி ரே பிரவுனுக்கு, இந்த வாசல் பிறவியிலேயே இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜையை 2007-ல் மாற்றினார்கள். எச்.ஐ.வி.யே போய்விட்டது. கடைசியில் 2020-ல் அவர் உயிரைப் பறித்தது திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய்தான்.

இதே புரதம் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மூளைச் செல்களில் அதிகமாகிறது, புது இணைப்புகள் உருவாவதைத் தடுக்கிறது என்று 2019-ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தாமஸ் கார்மைக்கேல் குழு எலிகளில் கண்டது. மாராவிராக் என்ற எச்.ஐ.வி. மாத்திரை அதை அடைக்கிறது, எலிகளின் கால் நன்றாகத் திரும்பியது. இஸ்ரேலின் டெல் அவிவில் பின்தொடரப்பட்ட நோயாளிகளில், இந்தப் புரதத்தின் மரபணு குறைபட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். கனடாவில் மனிதர்களிடம் இந்த மாத்திரையை உடற்பயிற்சியோடு சேர்த்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

எலியில் வேலை செய்து மனிதரிடம் படுத்துவிட்ட ஸ்ட்ரோக் மருந்துகளின் பட்டியல் மிக நீளம். ஃப்ளூயாக்செட்டினுக்கு மனிதரிடமே சின்ன ஆய்வில் பலன் தெரிந்தும் என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். அதனால் பையனிடம் சொல்லுங்கள்: படிக்கலாம், வாங்கக் கூடாது. சாயங்காலம் அரை மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை எண்ணட்டும்.